முன் ஸ்ப்ராக்கெட்: 13-ஆ, 14-ஆ, 15-ஆ?

ஒற்றைபிஸ்டன்: என் பைக் ஒற்றை சிலிண்டர், 5 கியர், செயின் ஓடும் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) முன்னால் 14 பல், பின்னால் 42. 100 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் 6500 ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) காட்டுகிறது, ஹேண்டில்பார் நடுங்கி விரல் மரத்துப்போகிறது. முன்னால் 15 போட்டால் சரியாகுமா? ஆனால் வாரம் முழுக்க ஓட்டுவது டிராஃபிக்கில், அங்கே பிக்கப் போய்விடுமோ என்று பயம். செயின் செட்டை எப்படியும் மாற்றியாக வேண்டும், அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

நீளகியர்: யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, 15 போடுங்கள். பின்சக்கரம் ஒருமுறை சுற்ற முன் ஸ்ப்ராக்கெட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு: 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3.00, 15-ஆல் வகுத்தால் 2.80. அதே 100-க்கு 6500 இறங்கி ஏறக்குறைய 6070-க்கு வந்துவிடும். ஒற்றை சிலிண்டரில் அதிர்வு பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். பகுதியில்தான் உச்சத்தில் இருக்கும், அதைவிட 400 கீழே ஓட்டினாலே வேறு வண்டி மாதிரி இருக்கும். பெட்ரோலும் மிச்சம்.

கொண்டைஊசி: அப்படியே பிக்கப்பையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எல்லா கியரிலும் பின்சக்கர இழுவையில் ஏறக்குறைய 7 சதவீதம் போச்சு. முதல் கியரும் நீளமாகிவிடுவதால் டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பிப் பாருங்கள், அப்போது தெரியும். நான் 13 போட்டுத்தான் ஓட்டுகிறேன், வளைவை விட்டு வெளியே வரும்போது கியர் இறக்காமலே பிய்த்துக்கொண்டு போகிறது.

நீளகியர்: 13 போட்டால் அவருக்கு 100-ல் சரியாக 7000 அண்ணே. மனிதர் விரல் மரத்துப்போகிறது என்கிறார், நீங்கள் கையையே கேட்கிறீர்கள். அதோடு முன் ஸ்ப்ராக்கெட் சிறிதாக ஆக, செயின் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர வேண்டும், சீக்கிரம் தேயும். சில வண்டிகளில் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) மேல் இருக்கும் ரப்பரையும் அறுக்கும்.

பல்கணக்கு: இரண்டு பேருமே எஞ்சினை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் எண்ணுகிறீர்கள். ஸ்ப்ராக்கெட் பவரைக் கூட்டாது, இருக்கிற பவரை எந்த வேகத்தில் செலவழிப்பது என்பதை மட்டும் மாற்றும். காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது, அதாவது 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு பவர் வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சினை அதற்குப் பிடிக்காத கீழ் ஆர்.பி.எம்.-க்கு இழுத்துக்கொண்டு போனால் முக்கத்தான் செய்யும். ஒற்றைபிஸ்டன், ஒரு கேள்வி. 100-ல் டாப் கியரில், லேசான ஏற்றத்திலோ எதிர்காற்றிலோ ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி இன்னும் வேகம் எடுக்கிறதா? எடுத்தால் 15 தாங்கும். இல்லையென்றால் அடிக்கடி நான்காவது கியருக்கு இறங்குவீர்கள், அப்புறம் குறைந்த ஆர்.பி.எம். எங்கே, மிச்சமான பெட்ரோல் எங்கே?

கொண்டைஊசி: இதைத்தான் நானும் சொல்கிறேன். 15 போட்டால் டாப் ஸ்பீடு கூடும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. டாப் கியரில் ரெட்லைனையே (எஞ்சினின் உச்ச ஆர்.பி.எம். எல்லை) தொடாத வண்டிக்கு அது டாப் ஸ்பீடைக் குறைக்கவும் கூடும்.

நீளகியர்: டாப் ஸ்பீடு இங்கே யார் கேட்டார்? சரி, பிக்கப்புக்கே வருகிறேன். 13 போட்டால் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. முன்பு மூன்றாவதில் எட்டிய வேகத்துக்கு இப்போது நான்காவது போட வேண்டும், அந்த ஒரு கியர் மாற்றத்திலேயே நீங்கள் சம்பாதித்த நேரம் போய்விடலாம். துள்ளல் இருக்கிறது என்பது உண்மை, கடிகாரத்தில் அந்த அளவுக்குத் தெரியாது.

ஒற்றைபிஸ்டன்: தனியாகப் போனால் 100-ல் முறுக்கும்போது எடுக்கிறது, மெதுவாகத்தான். பின்னால் ஆளும் பையும் இருந்தால் ஏற்றத்தில் இப்போதே நான்குக்கு இறக்குகிறேன்.

பல்கணக்கு: அப்படியென்றால் 15 உங்களுக்கு அதிகம். முன்னால் ஒரு பல் மாற்றினால் 7 சதவீதம் என்றால், பின்னால் ஒரு பல் 2.4 சதவீதம்தான். எப்படியும் முழு செட் வாங்குகிறீர்கள், முன்னால் 14 இருக்கட்டும், பின்னால் 40 போடுங்கள். 2.86 வரும், 100-ல் 6190 பக்கம் நிற்கும். செயின் 520 என்ற அளவு என்றால், அதே நீளத்தில் போட்டால் பின்சக்கரம் ஏறக்குறைய 8 மி.மீ. பின்னுக்குப் போகும், செயினை இறுக்க பின்சக்கரத்தை நகர்த்தும் அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். (பின்னால் 41 கிடைத்தால் அதையும் யோசிக்கலாம். செயினில் கண்ணிகள் இரட்டைப்படை, அதனால் பற்களும் இரட்டைப்படையாக இருந்தால் உள்கண்ணி எப்போதும் அதே பற்களில்தான் உட்காரும். ஒற்றைப்படையில் சுற்றுக்குச் சுற்று மாறி உட்காரும், தேய்மானம் பரவும்.)

கொண்டைஊசி: 300 ஆர்.பி.எம். குறைத்து விரல் மரப்பதை நிறுத்தப் போகிறீர்களா? முதலில் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள், ஹேண்டில்பார் முனை எடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேய்ந்த செயினே பாதி நடுக்கத்தைக் கொடுக்கும். அதே 42-ல் புது செட் போட்டு ஓட்டிவிட்டு அப்புறம் வந்து பேசுங்கள்.

நீளகியர்: அந்த போல்ட் விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் 40 போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாமே என்றுதான் வந்து நிற்பார்.

ஒற்றைபிஸ்டன்: போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு 14-க்கு 40 என்று போகிறேன். ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

பல்கணக்கு: சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால் எதுவும் மாறாது. கியர்பாக்ஸில் இருந்தால் அதற்குச் சக்கரம் தெரியாது, முன் ஸ்ப்ராக்கெட் சுற்றுவது மட்டும்தான் தெரியும், அதனால் இப்போது 100 காட்டும் இடத்தில் நிஜ வேகம் 5 சதவீதம் கூடியிருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போதே மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம், ஆகவே இரண்டும் ஓரளவு கழிந்துவிடலாம், ஆனால் போலீஸ் கேமரா முன்னால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், ஒருமுறை ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓடிய தூரமும் அதே அளவு குறைத்தே பதிவாகும், ஆயில் மாற்றும்போது அதை நினைவில் வையுங்கள்.