தரிசு உளுந்துக்கு இலைவழி மெத்திலோபாக்டீரியம்: வறட்சிக்கு உதவுமா?

கேள்வி (டெல்டா விவசாயி):
சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருந்தபோது விதைத்த உளுந்து இப்போது 30 நாள் பயிராக நிற்கிறது. உழவில்லாத வயல் என்பதால் அடியுரம் இட வழியில்லை. மண்ணும் வெடிக்கத் தொடங்கிவிட்டது. மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா அடங்கிய பி.பி.எஃப்.எம். என்னும் திரவத்தை இலையில் தெளிக்கச் சொல்கிறார்கள். வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவை அறிவேன். ஆனால், வெயில் காயும் இலையின்மேல் ஒரு பாக்டீரியா எதைத் தின்று பிழைக்கும்?

மறுமொழி (நுண்ணுயிரியல் படித்தவர்):
மெத்தனாலைத் தின்று பிழைக்கும். இளம் இலை விரியும்போது செல்சுவரின் பெக்டினிலிருந்து உண்டாகும் மெத்தனால் இலைத்துளைகள் வழியே ஆவியாகக் கசிகிறது. அதை உணவாகக் கொள்ளும் மெத்திலோபாக்டீரியம் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து பயிருக்கு உதவுகிறது. வெயிலைத் தாங்க அதற்குக் கரோட்டினாய்டு நிறமி உண்டு. இளஞ்சிவப்பு நிறம் அதனால் வந்ததே. நுண்ணுயிர் வளர்க்கும், மெத்தனால் கலந்த ஊடகத் தட்டில் ஓர் இலையை அழுத்தி எடுத்துவிட்டுச் சில நாள் காத்திருந்தால், நரம்பும் விளிம்புமாக அந்த இலையே இளஞ்சிவப்புப் புள்ளிகளில் எழுந்து வரும். முதன்முறை பார்த்தபோது யாரோ வரைந்து வைத்ததென்றே நினைத்தேன். உங்கள் உளுந்திலும் இது ஏற்கெனவே குடியிருக்கும். தெளிப்பு அதன் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, அவ்வளவே.

மறுமொழி (உளுந்து சாகுபடியாளர்):
தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 மி.லி.; காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். பூச்சிமருந்து, பூஞ்சாணக்கொல்லி எதனோடும் கலக்கக் கூடாது. ஆள்கூலியை மிச்சம் பிடிக்க ஒருமுறை காப்பர் ஆக்சிகுளோரைடுடன் ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோடு பாக்டீரியாவைக் கலந்த என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! இப்போது இரண்டுக்கும் நடுவே பத்து நாளாவது விடுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
இது தண்ணீருக்கு மாற்றல்ல. ஈரம் முற்றிலும் வற்றி வாடிய செடியை எந்த நுண்ணுயிரும் மீட்காது. பூக்கும் தருணத்தில், இலை விறைப்பாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். நெல் குலைநோய்க்குச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை 0.2 சதவீதம் தெளிப்பதும் இதே முறைதான்; நோய் முற்றிய பிறகு அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயலின் ஓரத்தில் ஒரு பட்டியைத் தெளிக்காமல் விட்டுவையுங்கள். அறுவடையின்போது இரண்டு பக்கத்திலும் பத்துச் செடி பிடுங்கிக் காய்களை எண்ணினால் விடை தெரிந்துவிடும்.