கட்டைவிரல் பாதி இல்லாத அந்த பிராசிக்யூட்டர்

வடகரை மகன்:
கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீலாக, பிராசிக்யூட்டராக இருந்த அவரைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. பெயர் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்கு அந்த வலது கட்டைவிரலைச் சொன்னாலே போதும்.

2003-இல் எங்கள் கடையில் கொள்ளை. மூன்று பேர், ஒரு துப்பாக்கி. அடையாள அணிவகுப்பில் அப்பா ஒருவனைக் காட்டினார். விசாரணை வர ஒன்றரை வருஷம் ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “முகத்தில் துணி கட்டியிருந்தானே, எப்படித் தெரிந்தது?” அப்பா, “கண்ணை வைத்து” என்றார். “அணிவகுப்புக்கு முன்னால் போலீஸ்காரர் உங்களிடம் அவன் போட்டோவைக் காட்டினாரா?” அப்பாவுக்குப் பொய் வராது. “காட்டினார்” என்றார்.

மறுநாள், சாட்சியம் போதாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவில் விடுதலை கேட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் நம் பிராசிக்யூட்டரைப் பார்த்தார். இவர் எழுந்தார். டாக்கெட் என்கிற போலீஸ் வழக்குக் கோப்பின் அட்டை மேல் அந்தப் பாதி விரல் அழுந்தி நுனி வெளுத்திருந்தது. “அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை.” அவ்வளவுதான்.

வராந்தாவில் அப்பாவிடம் வந்தார். எங்கள் ஆயா பேசுகிற தமிழில் சொன்னார்: “அண்ணே, நீங்க உண்மைய சொன்னீங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்த்துக் கட்டக்கூடாது.” அப்பா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. 2011-இல் அப்பா போய்விட்டார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

லைன்வீட்டு அக்கா:
தம்பி, அவர் எங்கள் லைனில் பிறந்தவர். டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டம். தகரக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1911-இல் நின்ற பிறகும் எங்கள் ஆட்கள் பல பேர் லைனை விட்டுப் போகவில்லை, போக இடமில்லை. அவரும் லீவு நாளில் கரும்பு வெட்டினார். அந்த விரலைக் கொண்டுபோனது கரும்புக் கத்திதான். மஞ்சள் வைத்துக் கட்டியவர் என் மாமா. பள்ளி முடிந்ததும் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை: தமிழ், ஜூலு, ஆங்கிலம். கைதிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் நடுவில் நின்று நின்றே சட்டம் அவருக்குள் ஏறிவிட்டது. அப்புறம் தபால் வழியாகப் படித்தார்.

எனக்கு மறக்காதது ஓர் ஆடிக் கூழ். மாரியம்மன் கோயிலில் அவர்தான் கரண்டி பிடித்திருந்தார். வரிசையில் வந்தவன் அவர் வாதாடி உள்ளே அனுப்பியவன், புதிதாக வெளியே வந்திருந்தான். சொம்பை நீட்டின கை ஆடியது, கூழ் இருவர் கையிலும் வழிந்தது. இவர் கையைத் துடைக்கவில்லை. “அம்மா எப்பிடி இருக்கா?” என்று கேட்டார். அவன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதான்.

பீனிக்ஸ் தம்பி:
மன்னிக்கணும் அக்கா, கூழ் வேறு, கேஸ் வேறு. ‘எதிர்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டு உட்கார்வது ஒரு பிராசிக்யூட்டரின் வேலையா?

நான் கேட்கக் காரணம் இருக்கிறது. என் சித்தி வீட்டில் திருடன் புகுந்தபோது கேஸ் இவர் கையில்தான். ஒரு ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார். என்னை மாமரத்தடியில் நிற்க வைத்தார், சித்தியை ஜன்னலுக்குப் பின்னால் நிற்க வைத்தார். “தெருவிளக்கு வெளிச்சத்துல முகம் தெரியுதா? இப்போ? ஓரடி தள்ளி நில்லு, இப்போ?” கொசுக்கடியில் முக்கால் மணி நேரம். கோர்ட்டில் சித்தியை யாராலும் அசைக்க முடியவில்லை. எங்களுக்காக அவ்வளவு பாடுபட்டவர் உங்கள் அப்பாவுக்காக ஏன் படவில்லை? எனக்கு அதுதான் ஆறவில்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்:
பீனிக்ஸ் தம்பி, போட்டோவைக் காட்டிவிட்டு நடத்திய அணிவகுப்பை எந்த டார்ச்சும் காப்பாற்றாது. 1997 சட்டப்படி துப்பாக்கிக் கொள்ளைக்கு முதல் குற்றவாளிக்கே குறைந்தது 15 வருஷம். அதை நினைத்துத்தான் அவர் உட்கார்ந்திருப்பார்.

அவரோடு நான்கு வருஷம் வேலை பார்த்தேன். டாக்கெட்டைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்வார், ஏனென்றால் விசாரணை அதிகாரியின் நாட்குறிப்பு ‘சி’ பகுதியில், கடைசியில் இருக்கும். இன்னொன்றும் சொல்வார்: 1894-இல் முதலாளி அடித்துப் பல் உடைந்து ரத்தம் ஒழுக ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் காந்தியிடம் வந்தபோது, காந்தியின் குமாஸ்தா தமிழராக இல்லாவிட்டால் அந்த முறையீடு காந்தியின் காதில் ஏறியே இருக்காது என்று.

அதனால்தான் இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன். போலீஸில் நீங்கள் தமிழிலோ ஜூலுவிலோ சொல்வதைப் போலீஸ்காரர் தன் ஆங்கிலத்தில் எழுதுவார். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பிருந்தால் திருத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1995-இல் ஷபலாலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பு பொதுவாக உங்கள் வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கிவிடும். கூண்டில் ஒரு வார்த்தை மாறினாலும் அதை வைத்துப் பிடிப்பார்கள். கேஸ் எண்ணைக் கையோடு எழுதி வாங்குங்கள். சாட்சி சொல்லும் நாளில் சீக்கிரமே போய் உங்கள் வாக்குமூலத்தை மறுபடி படிக்கக் கேளுங்கள். வழக்கே போடமாட்டோம் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர், அரசு வழக்கு நடத்தாது என்று எழுதித் தரும் ‘நோலே ப்ராசிக்வி’ சான்றிதழ் வாங்கித் தானே வழக்கு நடத்தலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் தொடங்காவிட்டால் அது செல்லாது. பணமும் கட்ட வேண்டும். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வடகரை மகன்:
ஐயா, நன்றி. ஆனால் நான் சட்டம் கேட்டு எழுதவில்லை.

அக்காவின் கூழைப் படித்துவிட்டு நேற்று அம்மாவிடம் கேட்டேன். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். கேஸ் விட்டுப்போன அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்தாராம், தனியாக. கால் கிலோ மசாலாத்தூள் கேட்டாராம். அப்பா நிறுத்தார். காசு வாங்கினார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. பொட்டலம் கட்டும் முன் மட்டும், முள் கால் கிலோவைத் தாண்டி நின்ற பிறகும் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டாராம்.