கடையில் வாய் திறக்காத ஐந்து வயசுக்காரன்: வீட்டு வேலையாலேயே தைரியம் வருமா?

திருக்கடலூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்தரை வயது, வருகிற ஜனவரியில் தரம் 1. வீட்டில் எழும்பினதில் இருந்து படுக்கிற வரைக்கும் ஓயாத கதை. வெளியில் யாராவது பெயர் கேட்டால் என் பின்னால் ஒளிந்துவிடுவான். தெரிந்தவர்கள் வீடென்றால் அரை மணித்தியாலம் போன பிறகு கதைப்பான். மூன்று வயதுத் தங்கச்சியிடம் மட்டும் பொலிஸ்காரன் மாதிரி அதிகாரம்.

ஆளுமை வகுப்பு, பேச்சு வகுப்பு என்று விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதற்குக் காசு கட்ட முதல், வீட்டிலும் ஊருக்குள்ளும் நாளாந்தம் நடக்கிற அலுவல்களிலேயே எதைக் கொடுத்துப் பழக்கலாம்? "பாராட்டுங்கள், ஊக்கப்படுத்துங்கள்" எல்லாம் வாசித்தாயிற்று. எந்த வேலை, எவ்வளவு, பிழைத்தால் என்ன செய்வது என்று சொல்லுங்கள். முன்னுக்கு நின்று நடத்துகிற குணத்தை இந்த வயதில் பழக்க ஏலுமா?

முன்பள்ளி ரீச்சர்:

தங்கச்சி, கடையிலிருந்தே தொடங்குங்கள். இப்படியான பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று: பிள்ளை வாய் திறக்க முதல் அம்மா பதில் சொல்லிவிடுவா. "தம்பிக்கு என்ன பெயர்?" என்று கேட்டு மூன்று எண்ணுவதற்குள் பெயர் வந்துவிடும், அம்மாவின் வாயிலிருந்து. பேசாமல் நின்றால் அலுவல் நடக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது.

முதல் கிழமை வீட்டிலேயே கடை விளையாட்டு. நீங்கள் முதலாளி, அவன் வாங்க வருகிறவன். ஒரே ஒரு வசனம்தான்: "மாமா, ஒரு பாண் தாங்கோ." வசனம் முதலில், காசு பிறகு. காசை நீட்டிவிட்டு நின்றால் கடைக்காரரே ஊகித்துவிடுவார், பேச வேண்டிய தேவை இல்லாமல் போகும். ஐந்தாறு தரம் செய்துவிட்டு ஆளை மாற்றுங்கள், அவன் முதலாளி. இப்போது நீங்கள் வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்துக் கேளுங்கள். "என்ன? கேக்கேல்லை!" என்று அவனே கத்துவான். எவ்வளவு சத்தமாகச் சொன்னால் மற்றவருக்குக் கேட்கும் என்பது அந்த இடத்தில்தான் பிள்ளைக்கு விளங்கும்.

பிறகு உண்மைக் கடை. பின்நேரம் சூடாகப் பாண் வந்து சனம் முண்டியடிக்கிற நேரம் வேண்டாம், காலை பத்து மணிவாக்கில் போங்கள். முதலாளியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒரு சாமான், சரியாக எண்ணிய காசு. நீங்கள் அவனுக்கு அரை அடி பின்னால் நின்று, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். கண் சந்தித்தால் கேள்வி உங்களிடம் வந்துவிடும். மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். பத்தும் போய்ச் சத்தம் வரவில்லையென்றால், "எது வேணும், விரலால காட்டு" என்று சொல்லுங்கள். காட்டினால் அன்றைய அலுவல் முடிந்தது, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். "சொன்னால்தான் வாங்கித் தருவேன்" என்று மட்டும் நிற்க வேண்டாம். அதோடு கடை சோதனை மண்டபம் ஆகிவிடும், அடுத்த நாள் வாசலிலேயே நின்றுவிடுவான்.

விரலால் காட்டுவது, ஒரு சொல், முழு வசனம், இரண்டு சாமான், மிச்சக்காசு கேட்டு வாங்குவது. இதுதான் படிவரிசை. ஒரு படியில் மூன்று தரம் தடங்கல் இல்லாமல் போனால் அடுத்தது. காய்ச்சல் வந்து கிடந்து எழும்பினால், நீண்ட லீவு கழிந்தால், ஒரு படி சறுக்கும். அப்போது அந்தக் கீழ்ப்படியிலிருந்து பிடியுங்கள். மிச்சக்காசைக் கணக்குப் பார்க்க இந்த வயதில் ஏலாது. "மிச்சம் இருக்கா?" என்று கேட்டு, வாங்கியதைச் சின்னப் பேணியில் போட்டுக் கொண்டுவந்து தந்தால் போதும்.

கடைக்காரர் "என்ன தம்பி, வாயில கொழுக்கட்டையா?" என்று பகிடி விடுவார். கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். "யோசிக்கிறார், சொல்லுவார்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். "இவன் சரியான வெட்கக்காரன்" என்று அவன் காது கேட்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். பிள்ளை அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் அவனுக்கென்று நிரந்தரமான ஒரு வேலை. நான் சொல்வது அரிசி அளப்பது. இரண்டு சுண்டு என்றால் இரண்டு சுண்டு. சுளகுக்கு மேலே வைத்து அளக்கச் சொல்லுங்கள், சிந்தினாலும் அதற்குள்தான் விழும். வாய் மட்டத்துக்கு மேலே நிற்கிறதை உள்ளங்கையால் வழிக்கக் காட்டிக்கொடுங்கள். மூன்று தண்ணீர் கழுவி, கழுவிய தண்ணீரைப் பூக்கன்றுக்கு ஊற்றுவதும் அவன் வேலை. தண்ணீருக்குச் சின்ன யக்கு ஒன்று, அதிலும் பாதிதான். நிரப்பிக் கொடுத்தால் மணிக்கட்டு தாங்காது, கொட்டும். அடுப்புக்கு ஏற்றுவது உங்கள் வேலை. தேங்காய் திருவுகிற திருவலையிலும் இருத்த வேண்டாம்.

அவன் அளக்காவிட்டால் உலை வைக்க ஏலாது என்பதுதான் இதில் உள்ள விசேஷம். ஒப்புக்குக் கொடுத்த வேலையைப் பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் அளந்ததை அவன் கண் முன்னாலேயே நீங்கள் திரும்ப அளந்தால் அவ்வளவும் வீண். சந்தேகமென்றால் அவன் அங்கால் போன பிறகு பாருங்கள். சொல்வதென்றால் "கெட்டிக்காரன்" என்பதோடு விடாமல், "மட்டமா வழிச்சு அளந்திருக்கிறாய், ஒரு மணியும் வெளியில போகேல்லை" என்று சொல்லுங்கள். எதைச் சரியாகச் செய்தோம் என்று தெரிந்தால்தானே நாளைக்கும் அதைச் செய்ய?

உவர்மலை அப்பா:

ரீச்சர் சொன்னது சரி. தலைமைத்துவம் பற்றி ஒன்று. தங்கச்சியை அதட்டுவதைச் சிலர் "லீடர் குணம்" என்று ரசிப்பார்கள். அது லீடர் குணமில்லை, வெளியில் விட ஏலாத சத்தம் வீட்டில் ஆள் பார்த்து இறங்குகிறது.

அந்த அதிகாரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாப்பாட்டுக்கு முதல் அவளுக்குக் கை கழுவப் பழக்குவது அவன் பொறுப்பு. இரண்டு சட்டம். அவள் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, தானே செய்து காட்ட வேண்டும். "செய்!" என்ற சொல் இல்லை, "வா, செய்வம்" மட்டும். சவர்க்காரம் நுரைக்கத் தேய்த்து இருபது வரை எண்ணட்டும். அவள் வராவிட்டால் அவன் கத்துவான். அப்போது நீங்கள் அவளை இழுத்து வந்து விட்டால் அவன் படிப்பது அதட்டலைத்தான். "எப்படிக் கூப்பிட்டா வருவாள்?" என்று அவனிடமே கேளுங்கள். பொம்மையின் கையையும் கழுவுவோம் என்று ஏதாவது ஒரு தந்திரம் கண்டுபிடிப்பான். ஒருவரைத் தன்பாட்டில் வரச் செய்கிற அந்த வித்தையைத்தான் நான் தலைமை என்பேன். ஒரு கிழமை கழித்து அவள் லீடர், அவன் பின்னால். அந்தக் கிழமை அவனுக்குக் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

கிளித்தட்டு மாதிரி அணி விளையாட்டை இப்போது கொண்டுவராதீர்கள். கோட்டில் நிற்கிறவன் தன் கோட்டை விட்டு அசையக்கூடாது, கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடலாம் என்பதெல்லாம் ஏழு வயதுக்குக் கீழே பிடிபடாது, சண்டையில் முடியும்.

முன்பள்ளி ரீச்சர்:

மேடை பற்றியும் சொல்ல விட்டுப்போனேன். வாணி விழா வந்தால் எட்டு வரிப் பேச்சைப் பாடமாக்கி மைக்குக்கு முன்னால் நிறுத்துவார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது முதல் படி இல்லை. நடுவில் ஒரு வரி மறந்தால் சபை சிரிக்கும், அதுதான் மனதில் நிற்கும். அதற்குப் பதிலாக அவனைக் கடலையும் அவலும் பரிமாற விடச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள். இருபது பேரிடம் போய் "இந்தாங்கோ" என்று இருபது தரம் சொல்ல வேண்டும், ஒவ்வொருவரும் முகம் பார்த்து வாங்குவார்கள். பெரிய சட்டியைக் கொடுக்காதீர்கள். சின்னத் தட்டில் ஒரு தரத்துக்கு ஐந்து கப், முடிந்தால் திரும்பி வந்து எடுக்கட்டும். முதல் ஐந்து பேர் தெரிந்த முகங்களாக இருந்தால் நல்லது.

திருக்கடலூர் அம்மா:

நன்றி ரீச்சர், அண்ணா. இன்றைக்கே அரிசி அளக்க விட்டேன், சுளகு முழுக்க அரிசி, ஆனால் முகம் மலர்ந்துபோச்சு. இரண்டு சந்தேகம். ஏதாவது பிழைத்தால் சாமானைத் தூக்கி எறிகிறான். அடுத்தது, வெளியில் கூட்டிப்போகும்போது அவனிடம் பொறுப்புக் கொடுக்கலாமா? கடல், றோட்டு என்று பயமாக இருக்கு.

சாம்பல்தீவு வாசி:

எறிவதற்கான முதல் காரணம் அநேகமாகப் படி உயரமாக இருப்பது, வேலையைப் பாதியாக வெட்டுங்கள். அதோடு, பெரியவர்கள் பிழை விட்டுத் திருத்துவதைப் பிள்ளைகள் காண்பதே குறைவு. கறியில் உப்புக் கூடினால் சத்தமாகச் சொல்லுங்கள்: "அட, உப்புக் கூடிப்போச்சு. கொஞ்சம் தேசிக்காய் விடுவம், நாளைக்கு அரைக் கரண்டிதான்." எறிந்த சாமானை அவனே பொறுக்க வேண்டும், ஆனால் அழுகை அடங்கிய பிறகு.

வெளியில் போகிற நாளில் இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, இடத்தைத் தெரிவுசெய்வது. "எங்க போவம்?" என்று திறந்து கேட்டால் குழம்பிப்போவான். "கன்னியா வெந்நீர்க் கிணறா, டச்பே கடற்கரையா?" என்று இரண்டை மட்டும் வையுங்கள். அவன் சொன்ன பிறகு நீங்கள் மாற்றக்கூடாது, ஆகவே மாற்ற வேண்டி வருகிறதைத் தொடக்கத்திலேயே வைக்காதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குமுறும், நவம்பர், டிசம்பரில் கடற்கரை பட்டியலிலேயே வேண்டாம். இரண்டாவது, ஆள் எண்ணுவது. புறப்படும்போது, பஸ் ஏறும்போது, இறங்கும்போது அவன் எண்ணி "எல்லாரும் இருக்கினம்" என்று சொன்னால்தான் அடுத்த அடி. கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் சூடு ஒரே மாதிரி இல்லை. பெரியவர் வாளியில் அள்ளிவைக்க, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து யார் எந்தக் கிணற்றில் குளிப்பது என்று அவன் சொல்லட்டும். அள்ளுவது எப்போதும் பெரியவர்தான்.

கோணேசர் கோயிலுக்கென்றால் வழிகாட்டி வேலை. கோயில் கோட்டைக்குள்ளே இருக்கிறது, கோட்டை வாசலிலும் உள்ளே றோட்டிலும் வாகனம் வரும், அந்த இடங்களில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாகனம் வராத இடத்தில் இரண்டு எட்டு முன்னால் நடந்து எங்கே திரும்புவது என்று அவன் சொல்லலாம். கோட்டைக்குள் திரிகிற மானைத் தூர நின்று பார்ப்பது, பொலித்தீன் பையை நீட்டாமல் இருப்பது இரண்டையும் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவன் பொறுப்பு. செங்குத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் போனதும் வழிகாட்டி வேலை முடிந்தது, திரும்பக் கை. எந்த இடத்தில் அவன் பொறுப்பு முடிகிறது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ப் பறித்தால்தான் கோபம் வரும்.

உங்கள் தொலைபேசி இலக்கத்தை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துப் பாட்டு மாதிரிப் பாடமாக்கிக் கொடுங்கள். தவறிப்போனால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதையும் வீட்டில் நடித்துக் காட்டுங்கள்.

குடும்ப சுகாதாரம்:

ஒரு குறிப்பு. கொஞ்ச நேரம் போனால் கதைக்கிறான் என்றால் பெரும்பாலும் மெல்ல மெல்லப் பழகுகிற சுபாவம்தான். ஆனால் வீட்டில் நன்றாகக் கதைக்கிற பிள்ளை பாடசாலையில் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு சொல்லும் கதைக்காவிட்டால் (சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்), அது பிடிவாதமும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள், அங்கிருந்து வைத்தியசாலைக்கு வழிப்படுத்துவார்கள். உச்சரிப்பும் தெளிவில்லையென்றால் காதையும் சோதிக்கக் கேளுங்கள்.

முன்பள்ளி ரீச்சர்:

ஜனவரிக்கு முதல் செய்ய வேண்டியது: பாடசாலையில் அனுமதி கேட்டு, பிள்ளைகள் இல்லாத நேரம் ஒரு தரம் கூட்டிப்போய் வகுப்பு, தண்ணீர்க் குழாய், மலசலகூடம் மூன்றையும் காட்டுங்கள். "ரீச்சர், பாத்ரூம் போகணும்" என்ற வசனத்தைக் கடை விளையாட்டு மாதிரியே பழக்குங்கள், கூச்சப்படுகிற பிள்ளைகள் அதைக் கேட்க முடியாமல்தான் முதல் கிழமை அழுகிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் வாங்க முதல் கடையிலேயே அவனைக் கொண்டு திறந்து மூடிப் பாருங்கள். நான்கு பக்கமும் பூட்டுகிற பெட்டி வேண்டாம், அந்தக் கொளுக்கிக்கு அவன் விரலில் பலம் போதாது.