வீட்டில் 4 பேர், ஒரே நெட்: இரவு 9 மணி ஆனால் மீட்டிங்கில் குரல் அறுந்து போகிறது. உதவி தேவை

காட்பாடி_மாடிவீடு:
அவசரம். வாடகை வீட்டில் 4 பேர் இருக்கிறோம், நெட் பில்லைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். 100 எம்பிபிஎஸ் பிளான். தினமும் இரவு 9 மணிக்கு எனக்கு வெளிநாட்டு டீமுடன் மீட்டிங். சரியாக அந்த நேரத்தில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறதாம், அப்புறம் அறுந்தே போகிறது. யாரோ ஒருவன் மொத்தத்தையும் இழுக்கிறான். யார் என்று கண்டுபிடித்து பிளாக் செய்வது எப்படி?

பாலாற்று_மணல்:
ஃபைபரா, கேபிள் லைனா? லேப்டாப் வைஃபையில் இருக்கிறதா? அப்லோட் வேகம் எவ்வளவு? இதெல்லாம் சொன்னால்தான் யோசிக்க முடியும்.

முள்ளுக்கத்திரி:
வைஃபை அலை போகும் பாதை, அதாவது சேனல்தான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். காந்தி நகரில் என் அறையிலிருந்து பார்த்தால் இருபது வைஃபை பெயர்கள் தெரிகின்றன. இரவில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அலை எப்படித் தாங்கும்? 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், சரியாகிவிடும்.

கோட்டை_அகழி:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட்; 100 எம்பி (மெகாபைட்) இறங்காது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆக 12.5 எம்பிதான். முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி ரௌட்டரில் அவன் போனின் மேக் முகவரியை, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண்ணைத் தடுத்தால் முடிந்தது.

பாலாற்று_மணல்:
அண்ணா, மேக் தடுப்பு இப்போது நிற்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வைஃபைக்கு ஒரு மாற்று முகவரியைத்தான் காட்டுகின்றன. செட்டிங்கில் அதை மாற்றிக்கொண்டால் திரும்ப உள்ளே வந்துவிடலாம்.

சத்துவாச்சாரி_மாடித்தோட்டம்:
அதை விடுங்கள். சமமாகக் காசு கொடுத்தவனைத் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

கோட்டை_அகழி:
அதிகம் இழுக்கிறவன் அதிகம் கொடுக்கட்டும்.

சத்துவாச்சாரி_மாடித்தோட்டம்:
கரண்ட் பில்லுக்கு அது சரி, யூனிட் ஓடுகிறது. வேலூர் வெயிலில் ஏசி போடுகிறவர் கூடுதலாகத் தர வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே மே மாதம் சண்டை நடந்தது. ஆனால் அன்லிமிடெட் நெட்டில் அவர் படம் பார்த்தாலும் தூங்கினாலும் பில் ஒன்றுதானே?

கோட்டை_அகழி:
பில் ஒன்றுதான், அவதி ஒன்றல்ல. மீட்டிங் அறுந்தால் வேலை போவது யாருக்கு?

காட்பாடி_மாடிவீடு:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். கேபிள் லைன். லேப்டாப்பை ரௌட்டரில் வயர் போட்டுத்தான் இணைத்திருக்கிறேன். பகலில் டவுன்லோட் 94 எம்பிபிஎஸ், அப்லோட் 10.

குடியாத்தம்_லைன்வேலை:
வயர் என்றால் சேனல் கதை உங்களுக்கு இல்லை. அந்த அப்லோட் 10தான் எனக்கு உறுத்துகிறது. இன்று இரவு ஒரு ஜன்னலில் 192.168.1.1 (உங்கள் ரௌட்டர்), இன்னொன்றில் 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) என்று இரண்டுக்கும் பிங் ஓடவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

காட்பாடி_மாடிவீடு:
ரௌட்டருக்கு எப்போதும் 1 மில்லி நொடி. வெளியே 8:50க்கு 18 இருந்தது, 9:05க்கு 640!

குடியாத்தம்_லைன்வேலை:
அப்போது யாரோ எதையோ மேலே ஏற்றுகிறார்கள். டவுன்லோடைத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். அப்லோட் நிரம்பியதும் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) மோடத்தில் வரிசையில் நிற்கும். உங்கள் குரலும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும், அதனால்தான் அரை நொடிக்கு மேல் தாமதம். இதை பஃபர்ப்ளோட் என்பார்கள். குரலுக்கு வேண்டியது 0.1 எம்பிபிஎஸ் அளவுதான், ஆனால் காத்திருக்காமல் போக வேண்டும். பிளானை 200 ஆக்கினாலும் அப்லோட் 10ஆகவே இருந்தால் பயனில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரௌட்டர் இருந்தால், அதில் வரிசையைக் கவனிக்கும் எஸ்கியூஎம் வசதியைப் போட்டு, கேக் (CAKE) என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடை 9 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரௌட்டரிலேயே நிற்கும், அங்கே எல்லோருக்கும் பங்கு பிரித்து அனுப்பும். அதற்கு முன் அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவது யார் என்று பாருங்கள்.

காட்பாடி_மாடிவீடு:
கண்டுபிடித்துவிட்டேன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன்தான். வந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் தூங்கிவிடுவார். சார்ஜும் வைஃபையும் கிடைத்ததும் தங்கை கல்யாண வீடியோ மொத்தமும் பேக்கப் ஆகிறது, 60 ஜிபி. அவருக்கே தெரியாது. நான் சொன்னதும் பதறிப்போய் உடனே நிறுத்தினார். நேற்று மீட்டிங் நன்றாக நடந்தது. எல்லோருக்கும் நன்றி.

குடியாத்தம்_லைன்வேலை:
நல்லது தம்பி. ஆனால் அந்த வீடியோ போனில் மட்டும் இருப்பது ஆபத்து. 60 ஜிபி, 10 எம்பிபிஎஸ்ஸில் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் விடுமுறை நாளில் காலையிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

பாலாற்று_மணல்:
இப்போது 9 மணிக்கு வெளி பிங் எவ்வளவு வருகிறது? எழுதுங்கள். தோரப்பாடியில் எங்கள் அறையிலும் இதே தொல்லைதான்.