வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு 10 மீட்டர் ரைபிள் சைட்: எதை முதலில் மாற்றுவது?

குளுவாங்54:
வணக்கம். வயது 54. கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள். குறிபார்க்கும் சைட் இரண்டு: பின்னால் ஐரிஸ் (ஓட்டையைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் அமைப்பு) வைத்த ஓட்டை சைட், முன்னால் 3.4 மிமீ வளையம். இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வளையத்துக்குள் தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு சாம்பலாகி, ஒரு பக்கம் கறுப்போடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் தேவலை. தகரக் கொட்டகைக்குள் மாலை நாலு மணிக்கு மேல் மோசம். போட்டிருப்பது புரோகிரசிவ் கண்ணாடி (ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் படிப்படியாக மாறுவது). ஐரிஸை 0.8 மிமீ வரை மூடிப் பார்த்தேன், கூர்மை வரவில்லை, இருட்டுதான் வந்தது. வளையத்தை மாற்றவா, ஐரிஸையா, கண்ணாடியையா? ரைபிளைக் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, உங்களுக்கே தெரியும்.

கறுப்புவட்டம்:
அண்ணே, முதலில் கண்ணாடி, பிறகு வளையம், பிறகு ஐரிஸ். கிளிக் (சைட்டை நகர்த்தும் திருகின் ஒரு படி) கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் பெல்லட்டை வீணாக்குகிறார்கள்.

வெள்ளெழுத்து என்பது கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி மாறிக் குவிய முடியாமல் போவது. முன் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய 85 முதல் 90 செமீ. அதைத் தெளிவாகப் பார்க்கச் சுமார் 1.1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேண்டும். 10 மீட்டரில் உள்ள அட்டைக்கு 0.1 போதும். இரண்டுக்கும் நடு 0.6. ஆகவே உங்கள் தூரப் பார்வை பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டிய ஒரே பவர் கண்ணாடி செய்யுங்கள். தூரத்துக்கு −1.50 என்றால் −1.00 அல்லது −0.75. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுச் சுடுவது வேண்டாம். +2.00 அரை மீட்டரில் குவியும், அட்டை கரைந்துபோகும். (ஓட்டை சைட்டையும் சிலர் 'டயாப்டர்' என்பார்கள். கடையில் குழம்பிவிடாதீர்கள்.)

இனி வளையம். அட்டையின் கறுப்பு 30.5 மிமீ. 88 செமீ தூரத்தில் இருக்கும் முன் சைட்டில் அது 2.7 மிமீ அளவாகத் தெரியும். 3.4 வளையத்தில் சுற்றிலும் மிஞ்சுவது 0.35 மிமீ வெள்ளை மட்டும். 1.2 மிமீ ஐரிஸ் வைத்து, கண் நடுத்தூரத்தில் குவிந்திருந்தாலும், விளிம்பில் படியும் மங்கல் அதைவிட அகலம். வெள்ளை சாம்பலானதற்குக் காரணம் அதுதான். 4.0 போட்டால் வெள்ளை 0.65 மிமீ ஆகும், மங்கலைத் தாண்டிக் கோடு தெரியும். 4.0, 4.2 இரண்டையும் வாங்கி வைத்து இரண்டிலும் சுட்டுப் பாருங்கள். 'வெள்ளை மெலிந்தால்தான் துல்லியம்' என்பது 25 வயதுக் கண்ணுக்குச் சொன்ன பேச்சு.

ஐரிஸ் 1.1 முதல் 1.3 வரை. ஒரு மிமீக்குக் கீழே போனால் ஒளியே ஓட்டையின் விளிம்பில் வளைந்து பரவி, புது மங்கல் பிறக்கும். 1.2 இலிருந்து 0.8க்கு இறக்கினால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். வயதானால் கருவிழியின் பாவையும் சுருங்கும், லென்ஸும் மஞ்சளிக்கும். உள்ளே போகும் ஒளி ஏற்கெனவே குறைவு. மாலையில் உங்களுக்கு மோசமாவது அதனால்தான். அப்போது 1.3க்குத் திறந்துவிடுங்கள், மூடாதீர்கள்.

செம்பனைக்காடு:
கடைக்கு ரைபிள் தேவையில்லை. கிளப்பில், ரைபிள் காலி என்று உறுதிசெய்த பிறகு, சுடும் நிலையில் நில்லுங்கள். கண்ணின் பக்கவாட்டிலிருந்து முன் சைட் வரை இன்னொருவர் டேப் பிடித்து அளக்கட்டும். அதே நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் வெட்டி, முனையில் 4 மிமீ ஓட்டையுள்ள வாஷரை ஒட்டுங்கள். அதைக் கடைக்கு எடுத்துப்போய், சட்டத்தின் மறுமுனையைக் கன்னத்தில் வைத்து, சுவரில் உள்ள ஒரு கறுப்புப் புள்ளியை வாஷர் வழியே பாருங்கள். கடைக்காரர் சோதனை லென்ஸை +0.25 இலிருந்து ஒவ்வொரு படியாகக் கூட்டட்டும்.

புரோகிரசிவ் ஏன் கூடாது? சுடும்போது தலை ரைபிளின் கட்டைமேல் சாயும். கண் லென்ஸின் நடுவில் பார்க்காமல் மூக்குப் பக்க மேல் மூலையில் பார்க்கும். அங்கே பவரும் வேறு, சாய்வும் வேறு. சுடுவதற்கான ஃபிரேம் (சாம்பியன், நோப்லாக் மாதிரி) வாங்கினால் லென்ஸைப் பார்வைக்கோட்டுக்கு நேர்குத்தாகத் திருப்பி வைக்கலாம். காசு இல்லையென்றால், சாதாரண ஃபிரேமிலேயே லென்ஸின் நடுப்புள்ளியை மேலே, மூக்குப் பக்கம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், விடாதீர்கள்.

மற்றக் கண்ணை மூடிச் சுடாதீர்கள். முகம் இழுபடும். கறுப்புத் துணியும் வேண்டாம். ஒரு கண் இருட்டானால் இரண்டு பாவையும் விரியும். வெள்ளைத் தயிர் டப்பா மூடியில் 30 மிமீக்கு மேல் அகலம் போகாத ஒரு துண்டு வெட்டி அந்தக் கண்ணுக்கு முன்னால் மாட்டினால் போதும்.

பால்மரம்:
கண்ணாடிக்குப் பணம் கட்டுமுன் சர்க்கரை பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் லென்ஸ் ஊறிப் பவரே மாறும். கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்து அளந்தால்தான் அந்தப் பவர் நிற்கும். விளக்கைச் சுற்றி ஒளி சிதறினால் கண்புரையாக இருக்கலாம். வளையம் மங்காமல் நெளிந்து தெரிந்தால் விழித்திரை. அது சைட் வேலை அல்ல, அந்த வாரமே கண் டாக்டர்.

குளுவாங்54:
நன்றி. அளந்தேன், 88 செமீ. சர்க்கரை சரி. கடையில் +0.75இல் வாஷர் நன்றாகத் தெரிந்தது, ஆனால் புள்ளி வெளுத்தது. +0.50இல் புள்ளி உருண்டையாக, வாஷர் கொஞ்சம் மென்மையாக. இன்னொன்று: 4.0 போட்ட பிறகும் வளையத்தின் வலப்பக்கம் ஒரு நிழல், இரட்டை மாதிரி.

கறுப்புவட்டம்:
+0.50 எடுங்கள். வளையம் கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் கண் அதை நடுவில் வைத்துவிடும். வெளுத்த கறுப்பை நடுவில் வைக்க அதற்குத் தெரியாது.

நிழலுக்கு ஒரு சோதனை. வளையத் தகட்டைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். நிழலும் கூடத் திரும்பினால் தகட்டில் பிசிறு அல்லது அழுக்கு. திரும்பாமல் வலத்திலேயே நின்றால் உங்கள் கண்ணின் சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் பவர் மாறுவது; அந்தத் திசைதான் அச்சு). அதை லென்ஸில் போடும்போது, தலை சாய்ந்த நிலையில் அச்சு எங்கே நிற்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடியும் தலையோடு சேர்ந்தே சாயும், கண் மட்டும் சில டிகிரி எதிர்ப்பக்கம் சுழலும்; நிமிர்ந்து உட்கார்ந்து அளந்த அச்சு அந்தச் சிறு அளவுதான் விலகும்.

எல்லாம் முடிந்ததும் சீரோ (குண்டு நடுவில் விழும்படி சைட்டைச் சரிசெய்வது). 5 குண்டு சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பாருங்கள், ஒற்றைக் குண்டைத் துரத்தாதீர்கள். பின் சைட்டை, குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும். சைட்டுகளுக்கு இடையே 70 செமீ இருந்தால், அட்டையில் 10 மிமீ நகர பின் சைட் 0.7 மிமீ நகரும். சில ஜெர்மன் சைட்டில் எச், டி, ஆர், எல் என்று இருக்கும். குண்டு மேலே போனால் எச் பக்கம், கீழே போனால் டி பக்கம் திருப்பச் சொல்லும் குறி அது. நம் ஆட்கள் இதைத் தப்பாகப் புரிந்து இரட்டிப்பாகத் தள்ளிவிடுவார்கள். 10 கிளிக் திருப்பி ஒரு கூட்டம் சுட்டால் திசையும் அளவும் இரண்டும் தெரிந்துவிடும். ஐரிஸை மாற்றினால் மறுபடியும் சீரோ பாருங்கள், நின்ற இடத்தில் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

வீ_வெட்டு:
பின்னால் ஓட்டைக்குப் பதில் V வடிவ வெட்டு உள்ள வீ வெட்டு சைட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. 40 செமீயில் இருக்கும் வெட்டு மங்கத்தான் செய்யும். வெட்டை அகலமாக்கினால் இரு பக்கமும் வெளிச்சம் தெரியும். முன் தகடு பளபளத்தால் ரைபிளிலிருந்து கழற்றி, கற்பூரப் புகையில் காட்டிக் கறுப்பாக்கலாம். பிளாஸ்டிக் முனை உள்ளதை அப்படிச் செய்தால் உருகும். கரி விரல் பட்டாலே அழியும், சுடுவதற்குச் சற்றுமுன் செய்யுங்கள்.