ஜிம் ட்ரெய்னர் பிசியோதெரபிஸ்ட் ஆகணும்னா என்ன படிக்கணும்? ஆறு மாச டிப்ளமோ செல்லுமா?

மதுரை_பீமா:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல ஒரு ஜிம்ல ட்ரெய்னரா இருக்கேன், வயசு 23, பிளஸ் டூல பயாலஜி குரூப், அப்புறம் வீட்டு நிலைமைல பி.காம் கரஸ்ல முடிச்சுட்டு ஜிம்முக்கே வந்துட்டேன். நம்மகிட்ட வர்ற ஆளுங்கள்ல பாதி பேருக்கு முட்டி வலி, இடுப்பு வலி, தோள்பட்டைய தூக்க முடியல, இதே கதைதான். பிசியோவ பாருங்கன்னு அனுப்பி அனுப்பி இப்ப நாமளே அதைப் படிச்சா என்னன்னு தோணிருச்சு. ஒரு இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சேன், ஆறு மாசம் டிப்ளமோ, சனி ஞாயிறு கிளாஸ், நாப்பதாயிரம் கட்டினா சர்டிபிகேட், அதை வச்சு கிளினிக்கே போடலாம்ங்குறாங்க. நம்பலாமா? முறையா படிச்சா எத்தனை வருஷம், நீட் வேணுமா, டிகிரி இருக்கறதால ஏதாச்சும் வருஷம் குறையுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

திருச்சி_பிசியோ:
தம்பி, முதல்ல அந்த நாப்பதாயிரத்தை பேங்க்லயே விட்டுவைங்க. ஆறு மாசத்துல பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது, அந்த பேப்பரை வச்சு ஆஸ்பத்திரிலயும் வேலை இல்ல, கவர்மெண்ட்லயும் இல்ல, வெளிநாட்டுலயும் இல்ல. பி.பி.டி, அதாவது பேச்சலர் ஆஃப் பிசியோதெரபி டிகிரி, ஒண்ணுதான் வழி. இவ்ளோ நாளா தமிழ்நாட்டுல நாலு வருஷம் படிப்பு, அதுக்கு மேல ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். 2021ல அலைடு ஹெல்த்கேர் (பிசியோ மாதிரி மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகள்) படிப்புகளுக்குன்னு தனியா தேசிய ஆணையச் சட்டம் வந்துச்சு, அவங்க 2025ல விட்ட புது பாடத்திட்டத்துல அஞ்சு வருஷம் ஆக்கிட்டாங்க, அதுல கடைசி ஒரு வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். பி.காம் முடிச்சதுக்கெல்லாம் ஒரு நாள் கூட குறையாது, முதல் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சிருக்கீங்கல்ல, அதான் உங்களுக்கு கதவைத் திறந்து வைக்குது, காமர்ஸ் குரூப்பா இருந்திருந்தா பேச்சுக்கே இடமில்ல.

நீட் விஷயம்: எங்க காலத்துல பிளஸ் டூ மார்க்க வச்சு செலக்‌ஷன் கமிட்டி கவுன்சிலிங் நடத்தும், அவ்ளோதான். புது பாடத்திட்டத்துல பிசியோவுக்கும் நீட்டுனு போட்டிருக்காங்க, தமிழ்நாட்டுல அதுக்கு எதிர்ப்பும் இருக்கு. அதனால வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்பாம நீங்க அப்ளை பண்ற வருஷத்து ப்ராஸ்பெக்டஸை எடுத்து படிங்க, வயசு வரம்பையும் அதுலயே பாத்துக்கங்க. திருச்சில அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கு, அங்க இடம் கிடைச்சா ஃபீஸ் ஒரு பாரமே இல்ல. தனியார் காலேஜ்னா ஊருக்கு ஒரு ரேட்டு. சேர்றதுக்கு முன்னாடி எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜா, இல்ல முறையான நிகர்நிலை பல்கலைக்கழகமான்னு பாத்துருங்க. அஞ்சல் வழி பி.பி.டினு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே திரும்பாதீங்க.

மதுரை_பீமா:
அஞ்சு வருஷமாண்ணே 😟 முடிக்கும்போது 28 ஆயிரும். எக்சர்சைஸ் எல்லாம் ஏற்கனவே தெரியும், மசில் பேரும் பாதி தெரியும், அப்புறம் எதுக்கு இவ்ளோ வருஷம்னு நிஜமாவே புரியல, கோவிச்சுக்காதீங்க.

திருச்சி_பிசியோ:
இதுல கோவிக்க என்ன இருக்கு, நியாயமான கேள்வி. எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்குறது இந்த வேலைல சின்ன பங்கு. யாருக்கு குடுக்கக்கூடாதுன்னு தெரியறதுக்குதான் இத்தனை வருஷம். உங்க ஜிம்முக்கே ஒருத்தர் இடுப்பு வலின்னு வர்றார்னு வைங்க. வலி காலுக்கு இறங்குது, அது சரி, டிஸ்க்கா இருக்கும், பாத்துக்கலாம். ஆனா பேச்சுவாக்குல ரெண்டு காலும் மரத்துப்போகுது, உக்கார்ற இடத்துல தொட்டா தெரியல, யூரின் சரியா போக மாட்டேங்குதுன்னு சொன்னார்னா அது ஸ்ட்ரெச்சிங் குடுக்குற கேஸே இல்ல, தண்டுவடத்துக்கு கீழ இருக்குற நரம்புக்கொத்து நசுங்குதுன்னு அர்த்தம், அன்னிக்கே எம்.ஆர்.ஐ எடுத்து சர்ஜன்கிட்ட போகணும், விட்டா வாழ்நாள் முழுக்க யூரின் கன்ட்ரோல் போயிடும். இன்னொண்ணு, ஆபரேஷன் பண்ணி பல நாள் படுக்கைல இருந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருக்கு, வலிக்குது. தசைப்பிடிப்புன்னு நல்லா அமுக்கி விட்டீங்கன்னா உள்ள இருக்குற ரத்தக்கட்டி நகந்து நுரையீரல்ல போய் அடைச்சு ஆளே போயிரலாம். இடது தோள்ல வலின்னு வந்தவருக்கு தோள் நல்லா அசையுது, எங்க அமுக்கினாலும் வலிக்கல, மாடி ஏறினா மட்டும் வலிக்குதுன்னா அது இதயப் பிரச்சினையா இருக்கலாம், ஈ.சி.ஜி எடுக்க அனுப்பணும். இதெல்லாம் சனி ஞாயிறு கிளாஸ்ல பவர்பாயிண்ட்ல பாத்தா வராது, வார்டுல ஒரு சீனியர் பக்கத்துல நின்னு கேஸ் கேஸா பாத்தாதான் கண்ணுல படும். (வாட்ஸ்அப்ல எம்.ஆர்.ஐ ஃபோட்டோ அனுப்பி எக்சர்சைஸ் கேக்குற சொந்தக்காரங்களுக்கும் இதையே சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.)

கோவை_இன்டர்ன்:
நானு இப்பத்தான் இன்டர்ன்ஷிப்ல இருக்கேனுங்க ப்ரோ, என்னென்ன படிச்சோம்னு சொல்றேன். முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி. மசில் பேரு பாதி தெரியும்னீங்க, இங்க ஒவ்வொரு மசிலும் எந்த எலும்புல ஆரம்பிக்குது, எங்க முடியுது, எந்த நரம்பு போகுது, என்ன வேலை செய்யுதுன்னு நாலும் சொல்லணும், வைவால (வாய்மொழித் தேர்வு) எலும்பை கையில குடுத்து இது வலதா இடதான்னு ஆரம்பிப்பாங்க 😅 டிசெக்‌ஷன் ஹால்ல ஃபார்மலின் வாடை முதல் ரெண்டு வாரம் சாப்பாட்டுலயும் அடிக்கும். அப்புறம் பயோமெக்கானிக்ஸ், எக்சர்சைஸ் தெரபி, எலக்ட்ரோதெரபி, இதுல உங்களுக்கு ஜிம் அனுபவம் ரொம்ப உதவும்ங்க, ஸ்குவாட்ல முட்டி எப்படி போகுதுன்னு நாங்க புக்ல பாத்ததை நீங்க டெய்லி நேர்லயே பாக்கறீங்க. எலக்ட்ரோல அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி (ரெண்டும் லேசான கரண்ட் வச்சு வலியைக் குறைக்கறது), வேக்ஸ் பாத் (சூடான மெழுகு ஒத்தடம்) எல்லாம் வரும், பேஸ்மேக்கர் வச்சவருக்கு எதைக் குடுக்கக்கூடாதுன்னு கேக்காத வைவாவே கிடையாது.

கடைசி ரெண்டு வருஷம்தான் மெயின், ஆர்த்தோ, நியூரோ, கார்டியோ ரெஸ்பிரேட்டரி. பிசியோன்னா முட்டி வலின்னு நினைச்சுதான் நெறைய பேரு வர்றாங்க, ஆனா ஐ.சி.யூல வென்டிலேட்டர்ல இருக்கறவருக்கு சளி வெளிய எடுக்கறது, பைபாஸ் ஆனவரை எழுப்பி உக்கார வெக்கறது, ஸ்ட்ரோக் வந்தவருக்கு ஒரு பக்கம் கை கால் திரும்ப வர வெக்கறது, செரிப்ரல் பால்சி குழந்தைங்க, எல்லாமே எங்க வேலைதானுங்க. ஜிம் ஆளுகளை மட்டும்தான் பாப்பேன்னு மனசுல இருந்தா நாலு வருஷம் ரொம்ப இழுக்கும், சொல்லிட்டேன்.

சேலம்_சரவணன்:
எல்லாரும் படிப்பை சொல்றீங்க, சம்பளத்தை யாரும் சொல்ல மாட்டேங்குறீங்களே. பி.பி.டி முடிச்சு தனியார் ஆஸ்பத்திரில சேந்தப்ப எனக்கு பன்னெண்டாயிரம் குடுத்தாங்க, அதே வருஷம் என் கூட படிச்ச இன்ஜினியரிங் பயலுக்கு அதைவிட டபுள். ஹோம் விசிட் போக ஆரம்பிச்சப்புறம்தான் மூச்சு விட முடிஞ்சது, ஸ்ட்ரோக் பேஷண்ட், மூட்டு மாத்தினவங்க வீடுகளுக்கு பைக்ல காலைல ஆறு மணிக்கே கிளம்பிருவேன். எம்.பி.டி (பிசியோல மாஸ்டர்ஸ்) இன்னொரு ரெண்டு வருஷம், ஸ்போர்ட்ஸ் ஆர்த்தோ நியூரோன்னு ஏதாவது ஒண்ணு எடுக்கலாம், காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா அது வேணும், கிளினிக்குக்கு கட்டாயம் இல்ல. கவர்மெண்ட்ல நிரந்தர போஸ்டிங் எப்பவாவதுதான் எம்.ஆர்.பி (தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா வரும். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசுத் திட்டம் ஆரம்பிச்சப்புறம் வீடு வீடா போற பிசியோ வேலை கொஞ்சம் வந்துச்சு, ஆனா அது ஒப்பந்த வேலை.

லீட்ஸ்_தமிழன்:
வெளிநாடு மனசுல இருந்தா ஒண்ணு சொல்றேன். இங்க யூ.கேல ஹெச்.சி.பி.சி (சுகாதாரத் தொழிலாளர்களைப் பதிவு பண்ற அமைப்பு) ரெஜிஸ்டர்ல பேர் இல்லாம பிசியோதெரபிஸ்ட்னு போட்டுக்கறதே சட்டப்படி குத்தம். பி.பி.டி சிலபஸ், வார்டுல எவ்ளோ மணி நேரம் என்னென்ன கேஸ் பாத்தீங்க எல்லாத்தையும் கேப்பாங்க, காலேஜ்ல கையெழுத்து வாங்கணும், அதனால லாக்புக்கை முதல் நாள்ல இருந்து ஒழுங்கா எழுதி வைங்க. ஐ.ஈ.எல்.டி.எஸ் (ஆங்கிலத் தேர்வு) மொத்தம் 7, எந்தப் பகுதியும் 6.5க்கு கீழ வரக்கூடாது. பி.பி.டி வச்சே நேரா அப்ளை பண்ணலாம், நிறைய பேர் தெரியாம இங்க வந்து லட்சக்கணக்குல கட்டி மாஸ்டர்ஸ் படிக்கறாங்க. அமெரிக்கா வேற கதை, அங்க ஒரு டிகிரி முடிச்சு அதுக்கு மேல மூணு வருஷம் டி.பி.டி (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி), அப்புறம் லைசென்ஸுக்கு என்.பி.டி.ஈ பரீட்சை, நம்ம பி.பி.டியை எடை போட்டு பாத்து குறையுற பாடத்தை தனியா படிக்க சொல்வாங்க. ஆறு மாச டிப்ளமோவை இங்க எங்கயும் எடுத்துக்கூட பாக்க மாட்டாங்க.

மதுரை_பீமா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டிப்ளமோ கேன்சல். ஜிம்ல காலை மாலை ரெண்டு பேட்ச் வச்சுக்கிட்டு பகல்ல காலேஜ் போக முடியுமாண்ணே? வீட்டுக்கு மாசம் ஏதாச்சும் குடுத்தாகணும்.

திருச்சி_பிசியோ:
முதல் ரெண்டு வருஷம் காலை பேட்ச் ஓட்டிரலாம், பசங்க செய்றாங்க. மூணாவது வருஷத்துல இருந்து வார்டு போஸ்டிங் வரும், அட்டெண்டன்ஸ் கடுமையா பாப்பாங்க, சாயங்காலம் மட்டும் வச்சுக்கங்க. இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபெண்ட் குடுக்கறது காலேஜுக்கு காலேஜ் மாறும், சில இடத்துல சுத்தமா கிடையாது, அட்மிஷன் போடும்போதே கேட்டுருங்க.