சிப் பெயர்க் குழப்பம்: யாராவது விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. தங்கைக்குக் கைப்பேசி வாங்க நேற்று ரிச்சி தெருவில் இரண்டு மணி நேரம் அலைந்தேன். கைப்பேசியின் மூளையான சிப்களில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2, 7 பிளஸ் ஜென் 2 இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து தேடினால், முன்னதன் முதன்மைக் கோர் (சிப்பில் கணக்கிடும் பகுதி) 2020இல் அறிமுகமான கார்டெக்ஸ் ஏ78, பின்னதில் கார்டெக்ஸ் எக்ஸ்2. இந்தக் கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் கட்டமைப்புப் பதிப்பில் ஒன்று வி8, மற்றது வி9. பெயரில் அண்ணன் தம்பி, உள்ளே ஒட்டுறவே இல்லை!

பழைய ஆர்ம்11 கோரின் கட்டமைப்பு வி6. அதற்குப் பின் வந்த கார்டெக்ஸ் ஏ8தான் வி7. பஞ்சாங்கம் பார்த்து எண் வைத்தார்களோ என்னவோ.

பெயரை விட்டுவிட்டு, கோர் வகை, நானோமீட்டர் (சிப் தயாரிப்பு நுட்பத்தைக் குறிக்கும் எண்) இவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்? கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அவள் விளையாட்டுப் பக்கமே போக மாட்டாள். நான்கு ஆண்டுகள் உழைத்தால் போதும்.